மஞ்சளில் வழுக்கிய கேட்

கடையில் வாசலை அளந்துவரச் சொன்னார்கள். நான் கதவை அளந்துகொண்டு போனேன். முட்டாள்தனத்தில் எனக்கென்று ஒரு தனி வழி உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. மல்லேஸ்வரத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்தது பழைய வீடு. படுக்கையறைக்கு இரட்டைக் கதவு. அதில் ஒரு கதவின் அகலத்தை மட்டும் நூலில் முடிச்சுப் போட்டு எடுத்துக்கொண்டு, கமர்ஷியல் தெருப் பக்கம் குழந்தைச் சாமான் விற்கும் கடையில், குழந்தை அறையைத் தாண்டாமல் தடுக்கும் கேட் ஒன்று வேண்டும் என்று போய் நின்றேன். கடைக்காரர் நூலை விரித்துப் பார்த்தார்.

“சார், இது வாசலா, பீரோவா?”

தூக்கத்தின் மேல்தான் பழியைப் போட வேண்டும். புத்தாயிரம் பிறந்த புதிது. அமெரிக்காவில் விடிந்தால் எனக்கு வேலை, மல்லேஸ்வரத்தில் விடிந்தால் தூக்கம். பகல் முழுவதும் எனக்குத் தண்ணீருக்கடியில் நடப்பது போலவே இருக்கும். பூக்காரியின் குரல், பக்கத்துத் தெருவில் காப்பிக்கொட்டை வறுபடும் வாசம், குக்கர் விசில் எல்லாம் எங்கோ மேலே, தண்ணீரின் முகத்தில் மிதந்துகொண்டிருக்கும். அடியில் நானும் என் மகளும். அவள் தவழத் தொடங்கியிருந்தாள். ஜன்னல் வெயில் தரையில் விழுந்த இடத்தை நோக்கி அவள் நீந்திப் போவதைப் பாயில் படுத்தபடி பார்த்துக்கொண்டிருப்பேன். எங்கே பார்ப்பது முடிந்து கனவு ஆரம்பிக்கும் என்று எனக்கே தெரியாது.

சிக்கல் அதுதான். திங்கட்கிழமை மனைவி வேலைக்குத் திரும்ப வேண்டும். அதற்குப் பிறகு பகலில் குழந்தைக்கு நான்தான் காவல். நான் கண்ணயர்ந்தால் அவள் அறையைத் தாண்டி, ஹாலைத் தாண்டி, வாசலுக்கு வெளியே உள்ள கல்படி வரை போய்விடுவாள்.

“கேட்டு போட்டு, அது ஆடாம நின்னா நான் வேலைக்குப் போறேன்,” என்று மனைவி சொல்லிவிட்டாள். “ஆடுச்சுன்னா ஞாயித்துக்கிழமை பாப்பாவ வேலூர்ல எங்க அம்மாகிட்ட விட்டுட்டு வந்துடலாம். உங்க கண்ணு நைட் ஷிப்ட் கண்ணுங்க. அத நம்ப முடியாது.”

வேலூர் ஒன்றும் தூரமில்லை. ஆனால் அந்தப் பாயில், என் மூக்கைப் பிடித்து இழுக்க ஆளில்லாத ஒரு பகலை நினைத்தாலே எனக்குத் தூக்கம் போய்விட்டது. எனக்கே தூக்கம் போனது என்றால் பாருங்கள்.

மாடியில் வீட்டுக்கார அம்மா. கன்னடக்காரர், நன்றாகத் தமிழ் பேசுவார். “மொளெ ஹொடிபேடிப்பா, ஆணி அடிக்கக் கூடாது” என்று குடிவந்த அன்றே இரண்டு பாஷையிலும் உத்தரவு போட்டவர். எங்கள் வீட்டில் காலண்டர்கூட நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தது. ஆகவே துளை போடாமல் நிற்கும் கேட்தான் வேண்டும்.

சனிக்கிழமை, இந்த முறை முழு வாசலையும் அளந்து, மனைவியும் மகளும் துணைக்கு வர, மறுபடி அதே கடை. எனக்குக் குறுக்குக் கம்பிகளும் மஞ்சள் வாத்துகளும் உள்ள ஒன்று பிடித்துப்போயிற்று.

“இது கேட்டு இல்லீங்க, ஏணி,” என்றாள் மனைவி. “ஒவ்வொரு வாத்தா மிதிச்சு ஏறி அந்தப் பக்கம் குதிச்சுடுவா.”

வாத்துகளிடம் விடைபெற்றேன். வாங்கியது வெள்ளை இரும்பு கேட். செங்குத்துக் கம்பிகள், நடுவில் பெரியவர்கள் போய்வர ஒரு குட்டிக் கதவு. நான்கு மூலையிலும் ரப்பர் முகம் வைத்த திருகு. திருகைச் சுற்றச் சுற்ற அது நீண்டு, நிலையை இரண்டு பக்கமும் அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

வீட்டுக்கு வந்து பிரித்தால், குட்டிக் கதவின் தாழ்ப்பாள் கொக்கியைத் தொடவே இல்லை. நடுவில் ஒரு விரல் இடைவெளி. ஏமாற்றிவிட்டான் என்று முழங்காலில் வைத்து வளைக்கப் பார்த்தேன். மனைவி பெட்டியின் மேலிருந்த படத்தைத் திருப்பிக் காட்டினாள். திருகை இறுக்கினால் இடைவெளி தானே மூடிக்கொள்ளும். இறுக்கினேன். மூடிக்கொண்டது. ஒரு பாலம் கட்டியவனைப் போல நிமிர்ந்து நின்றேன்.

மனைவி வந்து முழங்காலால் லேசாகத் தள்ளினாள். கேட்டின் கீழ்ப்பக்கம் வழுக்கி, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் சாய்வேனே, அதே நிதானத்தோடு தரையில் சாய்ந்தது.

கீழ் ரப்பர் இரண்டும் மஞ்சளாக இருந்தன. மோந்து பார்த்தேன். நல்லெண்ணெய்.

வெள்ளிக்கிழமைதோறும் நிலைகளுக்கு மஞ்சள் பூசி குங்குமம் வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். குழந்தை பிறந்த பிறகு மனைவியால் குனிய முடியவில்லை என்று அந்த வேலையை நான் வாங்கிக்கொண்டேன். தலைவாசலோடு நிறுத்தினேனா? படுக்கையறை நிலைக்கும் பூசினேன். உதிராமல் ஒட்டட்டும் என்று எண்ணெய் விட்டுக் குழைத்தது என் சொந்தக் கண்டுபிடிப்பு. பல மாதத்து மஞ்சள், ஒன்றின்மேல் ஒன்றாக, சரியாக ரப்பர் உட்கார வேண்டிய உயரத்தில்.

மனைவி உள்ளே போய் பீரோவைத் திறந்தாள். குழந்தையின் சட்டைகள் ஒவ்வொன்றாக ஊருக்குக் கொண்டுபோகும் பைக்குள் போகும் சத்தம் கேட்டது. சட்டைக்கு என்ன சத்தம் என்பீர்கள். அன்று இருந்தது.

சீயக்காய்த்தூளும் துணியும் எடுத்துக்கொண்டு நிலையடியில் உட்கார்ந்து தேய்த்தேன். கேட் விழுந்த சத்தத்துக்கு வீட்டுக்கார அம்மா இறங்கி வந்துவிட்டார்.

“ஆணியா?”

“இல்ல மேடம். மஞ்சள கழுவறேன்.”

“ஐயோ ராமா,” என்றார் அவர், வருத்தத்தோடு. “அதுக்கு ஆணியே அடிச்சிருக்கலாமே.”

மரம் நிறம் தெரியும்வரை தேய்த்து, ஈரம் போகத் துடைத்து, இரவெல்லாம் காயவிட்டேன். ஞாயிறு காலை மறுபடி மாட்டினேன். மேலே கொஞ்சம், கீழே கொஞ்சம், இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று மாற்றி மாற்றி இறுக்கினேன். மனைவி முழங்காலால் தள்ளினாள். இடுப்பால் தள்ளினாள். பிறகு, “நீங்க சாயுங்க,” என்றாள். சாய்வதில் எனக்குள்ள அனுபவம் முழுவதையும் காட்டிச் சாய்ந்தேன். கேட் அசையவில்லை.

மகள் தவழ்ந்து வந்து ஒரு கம்பியைப் பிடித்தாள். இன்னொன்றைப் பிடித்தாள். மெல்ல எழுந்து நின்றாள். அதுவரை அவள் நின்றதில்லை. தான் இவ்வளவு உயரமா என்பது போல என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

சற்று நேரத்தில் ஊர்ப்பை காலியாகி பீரோ மேல் ஏறியிருந்தது. கேட்டின் உச்சிக் கம்பியில், எண்ணெய் இல்லாமல், மஞ்சளும் ஒரு குங்குமப் பொட்டும் இருந்தன.

திங்கட்கிழமை காலை. கம்பி நிழல்கள் பாயின் மேல் கோடு கோடாக விழுந்திருந்தன. அந்தக் கோடுகளைப் பிடித்துவிடப் பார்த்துக்கொண்டிருந்தாள் மகள். உள்ளே நாங்கள் இரண்டு பேர். வெளியே தோளில் பையோடு மனைவி. எனக்குக் கண் பாதி செருகிவிட்டது. அவள் தாழ்ப்பாளை ஒருமுறை ஆட்டிப் பார்ப்பது தண்ணீருக்கு மேலே நடப்பது போலத் தெரிந்தது.

“அப்பாடா,” என்றேன். “கடைசியில எம்மேல நம்பிக்கை வந்துடுச்சு.”

“கேட்டு மேல.”