கதிரை இல்லாத பட்டதாரி

காலையில் அலுவலகத்துக்குள் நுழைந்ததும் நான் கேட்கும் முதல் கேள்வி, "இண்டைக்கு ஆர் லீவு?" என்பதுதான். அக்கறையில் அல்ல. பட்டதாரிப் பயிலுனர் என்று அரசாங்கம் எனக்கு நியமனக் கடிதம் தந்தது, கதிரை தரவில்லை. யாராவது லீவு போட்டால் அன்றைக்கு எனக்கு இருக்க இடம் உண்டு. எல்லோரும் வந்துவிட்டால் அலுமாரிக்குப் பக்கத்தில் நின்றபடி கோப்புகளுக்குத் தூசி தட்டுவேன். மாணவர் பகிஷ்கரிப்புகளில் பல்கலைக்கழகம் மூடிக்கிடந்த காலத்தையும் சேர்த்து ஆறு வருடம் வரலாறு படித்தவளுக்குத் தூசியைப் பற்றித் தெரிந்திருக்கும் என்று நினைத்தார்களோ என்னவோ.

வீட்டில் நிலைமை வேறு. எங்கள் வீடு முல்லைத்தீவுக் கரையில். அப்பா கடற்றொழிலாளி. நான் கறுப்புப் பட்டமளிப்பு அங்கி போட்டு, கையில் ஒரு சுருட்டிய கடதாசியோடு எடுத்த படத்தை, விறாந்தைச் சுவரில் திரு இருதய ஆண்டவர் படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டியிருந்தார். அந்தக் கடதாசி ஸ்டூடியோக்காரர் தந்த வெறுங்கடதாசி என்பது அவருக்குத் தெரியாது. ஆண்டவருக்குப் போட்ட சிவப்பு பல்ப் என் முகத்திலும் பாதி விழும். ஒரு நாள் வந்த மாமி இரண்டு படங்களையும் பார்த்துச் சிலுவை போட்டுவிட்டுத்தான் அமர்ந்தார். நான் தடுக்கவில்லை. அலுவலகத்தில் கிடைக்காத மரியாதை அங்கேயாவது கிடைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இப்படியிருக்கத் தங்கச்சிக்குப் பல்கலைக்கழகக் கலைப்பீட அனுமதிக் கடிதம் வந்தது. அவளுக்கும் வரலாற்றில்தான் விருப்பம். அப்பா கடிதத்தை மடித்துத் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"ஒருத்தி படிச்சுப்போட்டு நிண்டுகொண்டிருக்கிறாள். மற்றவளும் போய்ப் பக்கத்தில நிக்கவோ? முள்ளியவளையில ஆறு மாதக் கொம்பியூட்டர் வகுப்பு இருக்காம். அதுக்குப் போகட்டும்."

தங்கச்சி என்னைப் பார்த்தாள். நான் அவளுக்காக ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. உண்மையில் அப்பா சொல்வது சரியென்றுதான் எனக்கும் பட்டது. பதிவு முடிய ஒரு கிழமை, ஏழே நாள் இருந்தது.

அதே கிழமைதான் பல்கலைக்கழகச் சீர்திருத்தம் பற்றிப் பொதுமக்களின் கருத்தை அறியக் கொழும்பு அமைச்சிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். மண்டபத்துக்குப் பொதுமக்களைக் கொண்டுவரும் பொறுப்பு பயிலுனர்களின் தலையில் விழுந்தது. எனக்கு ஆள் போதவில்லை. கடற்றொழிலாளர் சங்கத் தலைவர் என்ற பெயரில் அப்பாவையே கூட்டிப்போனேன். அவர் கோயிலுக்குப் போடும் வெள்ளைச் சட்டையோடு முன்வரிசைக் கதிரையில் இருந்தார். நான் வழக்கம்போல, மைக்கோடு சுவரோரம் நின்றேன்.

பெரியவர் நல்ல பேச்சுக்காரர். திரையில் அம்புக்குறிகள் இங்குமங்கும் ஓடின. "சந்தைக்கு ஏற்ற பட்டதாரியள்தான் இப்ப தேவை. முக்கியமா இந்தப் பக்கத்துப் பிள்ளையளுக்குத் தொழிலோட சேர்ந்த படிப்புத்தான் பொருத்தம். வரலாறு, மெய்யியல் எல்லாம் படிச்சு என்ன செய்யப் போகினம்?" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் தலை ஆமென்று ஆடிக்கொண்டிருந்தது. அலுவலகத்தில் பழகிய தலை, மேலிடம் பேசினால் தானாகவே ஆடும்.

அப்பா கையை உயர்த்தினார். என்னைக் காட்டி, 'ஐயா சொல்லுறது சரி, இவளைப் பாருங்கோ' என்று சொல்லப்போகிறார், தங்கச்சியின் கதை இத்தோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டே மைக்கைக் கொடுத்தேன்.

"ஐயா, சந்தையைப் பற்றி எனக்கும் கொஞ்சம் தெரியும். இண்டைக்கு இறாலுக்கு விலை எண்டு எல்லாரும் இறால் பிடிச்சா, நாளைக்கு அதை ஆர் வாங்குறது? அது கிடக்கட்டும். உங்களுக்குப் பிள்ளையள் இருக்கினமோ?"

"ஓம். ஒரு மகள்."

"என்ன படிக்கிறா?"

பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவா வெளிநாட்டில… மெய்யியல்."

மண்டபம் கொல்லென்று சிரித்தது. அப்பா சிரிக்கவில்லை. "படிச்சு என்ன செய்யப் போறா எண்டு அவாவிட்டக் கேட்டனீங்களோ?"

"அவாவுக்கு அதிலதான் விருப்பம்," என்றார் பெரியவர்.

"அப்ப சரி, ஐயா," என்று அப்பா மைக்கைத் திருப்பித் தந்துவிட்டார்.

பிறகு வந்த அறிக்கையில், மீனவர் சமூகம் இறால் விலை பற்றிக் கருத்துத் தெரிவித்ததாக ஒரு வரி இருந்தது.

எனக்கு அன்று வெட்கமாக இருந்தது. யார் சொல்கிறார், யாருக்காகச் சொல்கிறார் என்று கேட்கத்தான் ஆறு வருடம் எனக்குப் படிப்பித்தார்கள். எட்டாம் வகுப்போடு கடலுக்குப் போன அப்பா அதைக் கேட்டார். நான் மைக் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா கடிதத்தைத் தங்கச்சியிடம் நீட்டி, "நாளைக்கே பதிஞ்சு போடு," என்றார். பிறகு சுத்தியலோடு கதிரையில் ஏறித் திரு இருதய ஆண்டவரைக் கழற்றினார்.

"உங்களுக்கென்ன விசரே?" என்று அம்மா குசினியில் சமையலைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்.

ஆண்டவர் இரண்டு சாண் தள்ளிப் போனார். என் படத்துக்குப் பக்கத்தில் புது ஆணி ஒன்று ஏறியது. தொங்கப்போகும் படத்துக்கு இன்னும் நாலு வருடம் இருக்கிறது. பகிஷ்கரிப்பு வந்தால் ஆறு.

அப்பா இறங்கி, கதிரையைத் தோளில் கிடந்த துவாயால் துடைத்து என் பக்கம் தள்ளினார்.

"இரு பிள்ளை. நாள் முழுக்க நிண்டனீ."