தலைவர் போட்ட கட்டு

எங்கள் ஊர்த் தலைவர் செத்த அன்று, அடுத்து என்ன செய்வது என்று ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை. பாகூர் கொம்யூனில் கடலை ஒட்டிய மீனவர் ஊர் எங்களுடையது. ஓட்டுப் போட்டு வருகிற தலைவர்கள் வேறு. இவர் ஊர்ப் பஞ்சாயத்துக்குத் தலைவர். நான் பிறந்தபோதும் அவர்தான், என் அப்பாவுக்கு மீசை முளைத்தபோதும் அவர்தான். அவருக்குத் துண்டு போட்டுத் தலைவராக்கிய பெரியவர்கள் எல்லோரும் அவருக்கு முன்பே சுடுகாடு போய்விட்டார்கள். அடுத்த தலைவருக்கு யார் துண்டு போட வேண்டும், கோயில் சாவியை யார் வாங்க வேண்டும், எதுவும் தெரியாமல் நரைத்த ஆம்பளைகள் எல்லாம் பந்தலில் உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் எங்கள் வீட்டு வாசலில் நின்றுதான் பார்த்தேன். துக்கத்துக்குப் போக எங்களுக்கு அனுமதி இல்லை. அவர் எங்களை ஊரை விட்டுத் தள்ளிவைத்திருந்தார்.

அப்பாவின் போட் இன்ஜினை யாரோ கழற்றிக்கொண்டு போனார்கள். அப்பா ஊரைக் கேட்காமல் போலீசுக்குப் போய்விட்டார். அதுதான் குற்றம். அன்றிலிருந்து எங்கள் வீட்டோடு யாரும் பேசக்கூடாது, எங்கள் மீனை ஏலம் எடுக்கக்கூடாது, நல்லது கெட்டதுக்கு வரக்கூடாது. அப்பா கோயில் வாசலில் ஊர் முன்னால் விழுந்து எழுந்தார். தலைவர் வெற்றிலையை மென்றுகொண்டே, "சரி, நான் சொல்றப்ப சொல்றேன், போ" என்றார். சொல்லாமலே செத்துப்போனார்.

அப்பாவுக்கு அப்போதே ஈரல் கெட்டுப்போயிருந்தது. வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்லி ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். வில்லியனூர் பக்கம் வாக்கப்பட்ட நான், அவரைப் பார்த்துக்கொள்ள வந்து தங்கியிருந்தேன். சாவைப் பற்றி அவருக்குப் பயமில்லை. தன்னை ஊர் வந்து தூக்க வேண்டும், அவ்வளவுதான். எங்களில் பிணத்தை ஊர்தான் எடுக்கும். ஊர் எடுக்காத சாவை நாய்ச் சாவு என்பார்கள். எனக்கு அண்ணன் தம்பியும் கிடையாது.

"ஊரு வந்து தூக்கும் இல்ல?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்.

"தூக்கும்பா."

தலைவரின் கருமாதி முடிந்ததும் நானே துணிந்து அவர் வீட்டுக்குப் போனேன். மூத்த மகனுக்குத் துண்டு போட்டிருந்தார்கள். வேறு யாரையும் நினைத்துப் பார்க்க அவர்களுக்குப் பழக்கமில்லை. அவர் நல்ல மனுஷர், அதுதான் கொடுமை. எனக்கு நாற்காலி போடச் சொன்னார்.

"எனக்கும் பாவமாத்தாம்மா இருக்குது. ஆனா இது அப்பா போட்ட கட்டு. அவருதான் அவுக்கணும்."

"அவருதான் செத்துட்டாரே அண்ணே. இன்னா பண்ணச் சொல்றீங்க?"

"அதான் எனக்கும் தெரியல."

பக்கத்திலிருந்த பஞ்சாயத்தார் தலையாட்டினார்கள். செத்த தலைவரின் வார்த்தையை மாற்றி அவர்களில் யாரும் பார்த்ததில்லை. உயிரோடு இருந்தவர் காலிலாவது விழலாம். சுவரில் மாலை போட்டு மாட்டியிருந்த படத்தில் அவருக்குக் கால்கூட இல்லை, மார்பு வரைக்கும்தான் எடுத்திருந்தார்கள்.

அப்பா ஐப்பசி மழையில் போனார். சங்குச் சத்தம் கேட்டால் ஊர் வந்துவிடும் என்று அம்மா நம்பினாள். தெருவில் ஒரு கதவுகூட மூடியிருக்கவில்லை. எல்லோரும் அவரவர் வாசலில் நின்றார்கள். எதிர்வீட்டு அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். ஒருவரும் வாசலைத் தாண்டி வரவில்லை. என் கணவரும் அவரோடு கம்பெனியில் வேலை செய்கிறவர்களும்தான் தூக்கினார்கள். மணலில் நடந்து பழகாதவர்கள். கால் புதைந்து பாடை ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே போனது. கொள்ளிச்சட்டியை நான் எடுத்தேன். அப்பாவிடம் பொய் சொல்லித்தான் அனுப்பியிருந்தேன்.

அந்தக் கட்டை யாரும் அவிழ்க்கவேயில்லை. அது தானாக நைந்துபோனது. குழாயடியில் ஒருத்தி அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தாள். அவளை யாரும் ஏனென்று கேட்கவில்லை. அப்புறம் இன்னொருத்தி. அப்புறம் கல்யாணப் பத்திரிகை வந்தது. இந்த வருஷம் மாசி மகத்துக்குச் சாமி கடலுக்கு வந்தபோது, எதிர்வீட்டு அக்காவே அம்மாவைக் கைபிடித்துப் பந்தலுக்குக் கூட்டிப்போனாள். நானும் கூடப் போனேன். வெளியூரிலிருந்து வந்திருந்த தன் உறவுக்காரியிடம் அக்கா அம்மாவைக் காட்டிச் சொன்னாள்:

"பாவம், இவங்க வூட்டுக்காரரு சாவுக்கு ஊரே போவல. அதெல்லாம் தலைவரு காலம். அப்ப யாரு வாயத் தொறக்க முடியும்?"

அப்பா செத்தபோது தலைவர் சாம்பலாகி மழைக்காலமே வந்துவிட்டது. தெருவை மறித்துக்கொண்டு அன்று யாரும் நிற்கவில்லை. வராமல் இருந்தது இவர்கள்தான்.

"தலைவரு எப்ப செத்தாரு, எங்கப்பா எப்ப செத்தாரு? நல்லா யோசிச்சுச் சொல்லுக்கா" என்றேன்.

அவள் உண்மையாகவே யோசித்தாள். கண்ணைச் சுருக்கிக்கொண்டு, விரலை மடக்கி மடக்கிப் பார்த்தாள்.

"தலைவரு அப்ப இருந்தாருடி. எனக்கு நல்லா ஞாபகம் கீது."

பொய் சொல்கிற முகம் இல்லை அது. அவளுக்கு அப்படித்தான் நினைவிருக்கிறது. நான் அம்மாவைப் பார்த்தேன். நான் பஸ் ஏறிப் போய்விடுவேன். அந்தத் தெருவில் தனியாக இருக்கப்போகிறவள் அவள்.

"ஆமாண்டி, அவரு இருந்தாரு. நீ சும்மா இரு" என்றாள் அம்மா.