வடத்தில் ஏறிய கனம்

பெருமாள் கிருபையில் இன்று என் வீட்டில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் புரட்டாசி சனிக்கிழமை தளிகை போட்டுக் கைகூப்பும்போதெல்லாம் என் கண்ணுக்கு முதலில் வருவது எங்கள் நைனாவின் அரைஞாண் கயிறுதான். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம்.

அப்போது எனக்கு எட்டு வயது. மாதனூருக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் நிலமும் ஒரு கிணறும் இருந்தன. அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. பாலாறு வெறும் மணல். கேழ்வரகு பால் பிடிக்கிற சமயம். இன்னும் பத்து நாள் தண்ணீர் பாய்ந்தால் வருஷத்துக்குக் கூழ்; பாயாவிட்டால் வெறும் தட்டைதான்.

இறைத்தது கவலையில், அதாவது மாடு கட்டி இழுக்கிற ஏற்றத்தில். கிணற்று மேட்டில் ஓர் உருளை. அதன் மேல் ஓடுகிற பருத்த கயிறுதான் வடம். அதன் ஒரு முனையில் தண்ணீர் மொள்ளும் தோல் சால், மறுமுனையில் மாடுகளின் நுகத்தடி. மாடுகள் சரிவில் இறங்க, சால் மேலே வரும். மாட்டின் இழுப்பு மட்டும் போதாது. ஓட்டுகிறவர் வடத்தின் மேல் ஏறி உட்கார வேண்டும். அவர் கனமும் சேர்ந்தால்தான் சால் வாய்க்காலுக்கு எட்டும். தண்ணீர் கொட்டியதும் அவர் இறங்கி, மாடுகளைப் பின்பக்கமாகவே மேட்டுக்கு நடத்த வேண்டும். வயதுக்கு வந்த பெண்கள் வடத்தைத் தொடக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம்.

அந்த வருஷம் சால் எட்டவில்லை. ஒரு முழம் கீழேயே நின்று ஆடி, மாடுகளைப் பின்னுக்கு இழுத்தது. ஆம்பூர் தோல் மண்டியில் வேலை பார்த்த மாமா, அம்மாவுக்கு அண்ணன், புதுத்தோலில் சால் தைத்துக்கொண்டு வந்தார். உருளைக்கு ஆமணக்கெண்ணெய் விட்டார். அச்சைத் தட்டிப் பார்த்தார். அப்படியும் அதே ஒரு முழம்.

"மாடு பேஜார் பண்ணுது மாப்ள. நீ எறங்கு, நான் குந்திப் பாக்கறேன்" என்றார்.

மாமா நல்ல ஆகிருதி. அவர் உட்கார்ந்ததும் சால் சரசரவென்று வந்து கொட்டியது.

"இன்னா மாப்ள, மாட்டுக்கு என்னக் கண்டாதான் பயமா?" என்று சிரித்தவர், நைனாவை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

மறுநாள் அவர் மண்டிக்குத் திரும்பியாக வேண்டும். அவர் போனதும் நைனா என்னைத் தூக்கி, வடத்தில் தமக்கு முன்னால் உட்கார வைத்தார்.

"தண்ணி கொட்டற வரைக்கும் எறங்கக் கூடாது, பாப்பா."

சால் வந்தது! எனக்குத் தலைகால் புரியவில்லை. நான் ஏறினால்தான் எங்கள் கிணற்றில் தண்ணீர் வரும் என்று தெருவெல்லாம் பீற்றிக்கொண்டேன். நான் கனத்துத்தான் போயிருந்தேன். "வயிறு மந்தமா கீது, நீ குடி" என்று தினமும் நைனா தம் கூழையும் என் பக்கம் தள்ளிவிடுவார்.

மழைக்காக அம்மா மஞ்சள் துணியில் காலணா முடிந்து பெருமாளுக்கு வைத்திருந்தாள். நைனாவின் அரைஞாணிலும் புதிதாக இரண்டு முடிச்சுகளைப் பார்த்தேன். அதுவும் வேண்டுதல் என்றே எண்ணிக்கொண்டேன்.

ஏழாம் நாள் காலை, நிறைந்த சால் பாதிக் கிணறு ஏறியிருந்தபோது, இடத்து மாடு சரிவில் வழுக்கி முழங்காலில் விழுந்தது. சால் கீழே இறங்கத் தொடங்கியது. வடம் பின்னுக்கு ஓட, வலத்து மாடு குளம்பால் மண்ணைக் கீறிக்கொண்டே கிணற்றுப் பக்கம் நகர்ந்தது. உருளை அலறியது. எனக்குக் குதித்துவிட வேண்டும் போலிருந்தது.

"எறங்காதே! எறங்கினா மாடு ரெண்டும் கெணத்துல! கெட்டியா புடி!"

நைனா இரண்டு காலையும் மண்ணில் ஊன்றினார். கால்கள் இரண்டு கோடு போட்டுக்கொண்டு பின்னால் போயின. நான் கண்ணை மூடி "பெருமாளே, பெருமாளே" என்றேன். வேறொன்றும் தெரியாது எனக்கு.

வடம் திடீரென்று தாழ்ந்தது. கண்ணைத் திறந்தால், வாய்க்காலில் மடை மாற்றிக்கொண்டிருந்த அம்மா! ஓடிவந்து, இரண்டு கையாலும் வடத்தைப் பிடித்துத் தொங்கினாள். வடம் நின்றது. இடத்து மாடு மூச்சிரைக்க எழுந்தது.

"ஓட்டுங்க" என்றாள் அம்மா.

மூன்று பேர் கனத்தோடு மாடுகள் இறங்கின. தண்ணீர் கொட்டிய சத்தம் கேட்ட பிறகுதான் நான் அழுதேன்.

"ஊர் பாத்தா இன்னா சொல்லும்?" என்றார் நைனா மெதுவாக.

"ஊரு வந்து குந்துமா? நாளையிலருந்து நான்தான் ஏறுவேன். கொழந்தைய எறக்குங்க."

சொன்னபடியே ஏறினாள். கேழ்வரகு பிழைத்தது. என் வேலையை அம்மா பறித்துக்கொண்டாளே என்று இரண்டு நாள் அவளோடு நான் பேசவில்லை.

மாடு வழுக்கிய அன்றைக்கு வாய்க்காலில் கால் கழுவும்போது நைனாவின் வேட்டி நழுவியது. அரைஞாண் இடுப்பில் நிற்காமல் தொளதொளவென்று இறங்கியிருந்தது. அதை மேலே இழுத்து இறுக்கி, இன்னொரு முடிச்சுப் போட்டார்.

"மூணாவது முடிச்சு யாருக்கு நைனா?"

"எல்லாம் பெருமாளுக்குத்தான்."

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, ஓடுகிற தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டாள். களைப்பு என்று நினைத்தேன். நான் அந்த முடிச்சைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, இந்த வேண்டுதலும் பலிக்க வேண்டும் என்று கும்பிட்டேன்.