சவரிமுத்து அண்ணன் வீட்டுக் கம்ப்யூட்டர்

சென்ற மாதம் ஒரு நல்ல காரியம் செய்தேன். அன்றிலிருந்து மனசு சரியில்லை.

பக்கத்தில் ஒரு வீட்டுக் கம்ப்யூட்டரை வேகமாக்கிக் கொடுத்தேன் — அவ்வளவுதான். இதில் வருத்தப்பட என்னய்யா இருக்கிறது என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

புக்கிட் ரோத்தானில், நான் குடியிருக்கும் தாமான் குடியிருப்பில், இரண்டு வீடு தள்ளி இருப்பவர் சவரிமுத்து அண்ணன். பெயர்களை மாற்றித்தான் எழுதுகிறேன். செம்பனைத் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் ஓர் அதட்டல் போட்டால் தோட்டத்தின் அந்தக் கோடியில் நிற்பவனும் நிமிர்ந்து பார்ப்பானாம். இப்போது சர்க்கரை கண்ணைப் பிடித்துவிட்டது. கைத்தொலைபேசியில் முகத்தைக் காட்டினால் யாரென்று தெரியாது. பெரிய திரை என்றால், நாற்காலியைக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டு ஓரளவு பார்ப்பார்.

அதற்காகத்தான் அந்தக் கம்ப்யூட்டர். ஒரே மகன் ஜான்சன், மெல்பர்னுக்கு வேலைக்குப் போகுமுன் வாங்கி வைத்துவிட்டுப் போனது. ஞாயிறு பூசை முடிந்து வந்து, பசியாறிவிட்டு, அண்ணனும் பிலோமினா அக்காவும் அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவார்கள். மகன் வீடியோவில் வருவான். பேரன் ஓடுவான், விழுவான், அழுவான். அண்ணன் திரையில் மூக்கு இடிக்கிற மாதிரி குனிந்து, "டேய், பாத்துடா!" என்று இங்கிருந்து கத்துவார். எங்கள் வீடு வரை கேட்கும்.

கொஞ்ச காலமாக அந்தச் சத்தம் நின்றுபோயிருந்தது.

"கம்ப்யூட்டர் ரொம்ப ஸ்லோ லா தம்பி. இது தொறக்கறதுக்குள்ள அவன் கூப்புட்டுப் பாத்துட்டு வச்சிடுறான்" என்றார் அக்கா. என்னிடம் மட்டுமா? கோயிலில் யார் விசாரித்தாலும் இதே பதில்தான். பாசாரில் மீன் விற்பவர், "மகன் பேசுனானாக்கா?" என்று கேட்டாலும் கம்ப்யூட்டர்தான்.

பொய் இல்லை. அது உண்மையிலேயே மகா ஸ்லோ. பொத்தானை அழுத்திவிட்டுப் போய்த் தண்ணீர் சுடவைத்து, தேநீர் கலக்கிக் குடித்து, கோப்பையையும் கழுவி வைத்துவிட்டு வரலாம். அப்போதும் திரையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும்.

எனக்குத்தான் சும்மா இருக்கத் தெரியாதே! "ஹார்ட் டிஸ்க்குக்கு வயசாயிடுச்சுக்கா. அதுக்குள்ள ஒரு தட்டு சுத்திச் சுத்தித் தேடுது. எஸ்எஸ்டி போட்டா சுத்தறதே கிடையாது, கேட்டதும் எடுத்துக் குடுத்திடும்" என்றேன்.

"போட்டோவெல்லாம் போயிடாதே?"

"ஒண்ணும் போகாது. அப்படியே காப்பி பண்ணி மாத்திடலாம்."

அண்ணன் கையை நீட்டித் திரையைத் தடவிப் பார்த்தார். பிறகு, "மாத்துங்க தம்பி" என்றார்.

பெட்டியைத் திறந்தால்... ஒரு படி தூசி. மூலையில் இரண்டு பல்லி முட்டை. "வாடகையே குடுக்காம குடும்பம் நடத்தியிருக்குதே!" என்று அண்ணன் சிரித்தார். பழைய டிஸ்க்கில் இருந்ததெல்லாம் புதியதற்குப் போய்ச் சேர மத்தியானம் முழுக்க ஆனது. அதற்குள் அக்கா சோறும் மீன் குழம்பும் போட்டு என்னை நகர முடியாமல் பண்ணிவிட்டார்.

மாட்டினேன். பொத்தானை அழுத்தினேன். வந்துவிட்டது!

"அதுக்குள்ளயா?" அக்கா வாயில் கை வைத்துக்கொண்டார். அண்ணன் நம்பவில்லை. அணைத்துவிட்டு மறுபடி போடச் சொன்னார். மறுபடியும் வந்தது. ஏதோ நானே அதைக் கண்டுபிடித்த மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா பூசைக்குக் கட்டிய சேலையைக்கூட மாற்றவில்லை. என்னையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். கம்ப்யூட்டர் சட்டென்று திறந்தது. உட்கார்ந்தோம்.

அழைப்பு வரவில்லை.

அக்காவே அழைத்துப் பார்த்தார். மணி அடித்து அடித்து நின்றது. "குளிக்கிறானோ என்னமோ" என்றார். அடுத்த ஞாயிறும் அதே கதை. அதற்கடுத்த ஞாயிறு எடுத்தான். முகம் வரவில்லை, குரல் மட்டும். "மா, வெளிய இருக்கேன் மா. அப்புறம் கூப்புடுறேன்." அப்புறம் என்பது வரவே இல்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. 'உன் அப்பா கம்ப்யூட்டர் இப்போது பறக்கிறது' என்று ஜான்சனுக்கு வாட்சப் அனுப்பினேன். ஒரு கட்டைவிரல் வந்தது. கூடவே, 'தேங்க்ஸ் அங்கிள். பிசி லா. கால் பண்றேன்.' நன்றாகத் திட்டி நீளமாக ஒன்று அடித்தேன்... பிறகு அழித்துவிட்டேன். கெட்ட பையன் இல்லை. இரவு ஷிஃப்ட், இரண்டாவதாக ஒரு கைக்குழந்தை வேறு, வீட்டுக் கடன்... எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் கோபம் வந்தது.

அப்போதுதான் உறைத்தது. அந்தக் கிழட்டு ஹார்ட் டிஸ்க் அந்த வீட்டில் எவ்வளவு பெரிய வேலை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது! நம்மில் எத்தனை குடும்பங்களின் மானத்தை ஒரு பழைய மிஷின் காப்பாற்றிக்கொண்டிருக்கிறதோ? பேட்டரி நிக்கல, லைன் கிடைக்கல, போன் கீழ விழுந்துடுச்சு... பிள்ளையை விட்டுக்கொடுக்காமல் பேச வீட்டுக்கு ஒரு சாமான் வேண்டியிருக்கிறது. நான் போய் அதைச் சரிசெய்து வைத்துவிட்டேன்.

போன ஞாயிறு அக்கா மறுபடி கூப்பிட்டார். "இன்னும் ஏதாச்சும் கோளாறு இருக்குமா தம்பி? கொஞ்சம் நல்லாப் பாருங்களேன்."

மேசைக்கடியில் குனிந்து ஒயர்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். என்னத்தைப் பார்ப்பது? அக்கா தேநீர் கலக்க உள்ளே போனார்.

"தம்பி" என்றார் அண்ணன், மெதுவாக. "அதுல ஒரு கோளாறும் இல்ல. எழுந்திரிங்க."

எழுந்தேன்.

"அது ஸ்லோவா இருந்தப்பவும் அவன் கூப்புடல. கூப்புட்டா அவ போன்லயும் மணி அடிக்குமே? அடிக்கவே இல்ல. கண்ணுதான் போச்சு, காது நல்லாத்தானே இருக்கு."

"தெரிஞ்சும் ஏண்ணே என்னை மாத்தச் சொன்னீங்க?"

அவர் திரை இருக்கும் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "ஒருவேளை கம்ப்யூட்டராவே இருந்துட்டா நல்லாருக்குமேன்னு பாத்தேன்."

அந்த மண்டோரின் குரல் இவ்வளவு சின்னதாகி நான் கேட்டதே இல்லை.

"அவ கேட்டா லைன் சரியில்லன்னு சொல்லிடுங்க" என்றார்.

அக்கா தேநீருடன் வந்தார். நானும் சொன்னேன் — "லைன்தான்க்கா பிரச்சனை. நம்ம ஏரியாவுல ரொம்ப மோசம்."

அக்கா முகத்தில் எத்தனை நிம்மதி! "பாத்தீங்களா, நான் சொல்லல? எம்புள்ள கூப்புடாம இருப்பானா?"

"ஆமா லா... லைன்தான்" என்றார் அண்ணன்.

எங்கள் தாமானில் லைன் அருமையாக இருக்கிறது. எங்கள் தெருக்காரர்கள் யாராவது இதைப் படித்துவிட்டு, இது எந்த அக்கா என்று கண்டுபிடித்தால், தயவுசெய்து ஓர் உதவி — அவர் கேட்டால், உங்கள் வீட்டிலும் லைன் ஸ்லோதான்.