ஃபியூஸ் கட்டையும் நடுவர் தீர்ப்பும்

எத்தனை பட்டிமன்ற மேடைகளில் கைதட்டல் வாங்கிய வாய் இது! ஆனால், கையில் காலி வாளியோடு மாடிப்படியில் நின்று முழங்க நேரும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. சென்ற வெள்ளிக்கிழமை காலையில் அதுவும் நேர்ந்தது.

தூத்துக்குடியில் நான் குடியிருக்கும் வீட்டில் மூன்று போர்ஷன்கள். மாடியில் நான். கீழே முன்பக்கம் ஹவுஸ் ஓனர் அண்ணாச்சி. பின்பக்கம் ஜெசிந்தா அக்கா. அக்காவின் கணவருக்குக் கப்பலில் வேலை. மகள் பிளஸ் டூ. அந்தப் போர்ஷனை ஒரு கம்பெனி கூடுதல் வாடகைக்குக் கேட்டதாம். உடனே காலி செய்யச் சொல்லிவிட்டார் அண்ணாச்சி. அக்ரிமெண்ட்டோ இன்னும் முடியவில்லை. இதே வாடகையில் வேறு வீடு வேண்டுமென்றால் ஊருக்கு வெளியே மாப்பிள்ளையூரணியையும் தாண்ட வேண்டும்... பரீட்சை நேரத்தில் அந்தப் பெண் எங்கே போவாள்?

அக்கா அசையவில்லை. அண்ணாச்சியோ, தண்ணீர் மோட்டாரின் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்!

நான் விடுவேனா? காலி வாளியோடு மாடிப்படியில் இறங்கி நின்று, "மாண்புமிகு நடுவர் அவர்களே!" என்று தொடங்கிவிட்டேன். பழக்கதோஷம்!

கோயில் கொடைத் திருவிழாதோறும் பட்டிமன்றத்தை முன்வரிசையில் அமர்ந்து கேட்பவர் அண்ணாச்சி. 'நடுவர்' என்றதும் முகம் மலர்ந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தே விட்டார்.

"சரிலே, பேசு. சுருக்கமா முடி."

"தண்ணீரை நிறுத்திக் குடியிருப்பவரை விரட்டச் சட்டத்தில் இடமில்லை! வாடகை தருபவர் உங்கள் தயவில் தங்கியிருக்கும் விருந்தாளி அல்லர். உரிமையோடு வாழும் குடிமகள்!"

"தம்பி, நீ பேசுனா தண்ணி வருமா?" என்றார் பின்வாசலில் நின்ற அக்கா.

"ஏளா, குறுக்க பேசாத! சபை நாகரிகம் வேண்டாமா?" என்று அதட்டினார் நடுவர்.

"வழக்கும் உங்களுது, தீர்ப்பும் நீங்கதான் சொல்லுவியளோ? நல்லாருக்கு அண்ணாச்சி!"

நடுவர் நாற்காலியை விட்டு எழுந்த அந்த நொடியில், முன்போர்ஷன் குளியலறையிலிருந்து அவர் மனைவியின் குரல் இடியென எழுந்தது.

"என்னங்க! குழாயில தண்ணி வரல! தலை பூரா சீயக்காய்!"

மூன்று வீட்டுக்கும் ஒரே தொட்டி. கோபத்தில் அதை மறந்துவிட்டாரே மனிதர்!

"எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். அக்ரிமெண்ட் முடியுத வரைக்கும் ஜெசிந்தா இங்கனதான் இருப்பா. மொதல்ல ஃபியூஸ மாட்டுங்க, கண்ணு எரியுது!"

மேல்முறையீடு ஏது? கட்டை மாட்டப்பட்டது, மோட்டார் உறுமியது. அண்ணாச்சி என் காதருகே வந்து, "நல்லாத்தாம்லே பேசுத" என்றார். அக்கா வாளியை நிறைத்துக்கொண்டே சிரித்தார்.

வாடகை வீட்டில் இருப்போரே, உங்கள் உரிமையை அறிந்து வையுங்கள், உரக்கவும் சொல்லுங்கள். பேசினால் தண்ணீர் வருமா என்றால்... வரும்! ஓனர் வீட்டுத் தலையிலும் சீயக்காய் இருந்தால், இன்னும் சீக்கிரம் வரும்.