ஒரு பஸ் நிறைய சூரியகாந்தி

எங்கள் ஊர் சாவ் ஃபெலிக்ஸில் என் சித்தி மரினால்வாவைத் தெரியாதவர்கள் இரண்டு வகை. ஒன்று, இன்னும் பிறக்காதவர்கள். இன்னொன்று, தெருவில் அவளைக் கண்டதும் தெரியாத மாதிரி நடிக்கிறவர்கள். காரணம், பேச்சுக் கொடுத்தால் பஸ் சீட்டு ஒன்றை விற்காமல் விடமாட்டாள்.

பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை. வாரம் முழுக்கப் பிள்ளைகளுக்கு பீன்ஸும் சோறும் ஆக்கிப் போடுவாள். மீதி நேரத்தில் பஸ் வாடகைக்குப் பிடித்து ஊரை அள்ளிக்கொண்டு கிளம்புவாள். கோடையில் தீவுக் கடற்கரை, ஆகஸ்டில் குகைக் கோயில், அக்டோபரில் குழந்தைகள் தினத்துக்கு சால்வடார் நகரத்துக்குப் பக்கத்திலுள்ள பெரிய பார்க். விளம்பரத்தைத் தன் கையாலேயே எழுதி மின்கம்பங்களில் ஒட்டுவாள். ஒரு வருடம் குகைக் கோயில் விளம்பரத்துக்கு அடியில் ‘போய் வந்தவர்களுக்கு ஆறு மாதத்தில் மாப்பிள்ளை நிச்சயம்’ என்று யாரோ சேர்த்து எழுதிவிட்டார்கள். எழுதியது யார் என்று சித்திக்குத் தெரியும். ஆனால் ஊரிலிருந்த அத்தனை விதவைகளும் வந்து சீட்டு வாங்கிவிட்டதால் என்னை அடிக்கவில்லை.

இதில் அவள் நல்ல காசு பார்க்கிறாள் என்று ஊரில் பேச்சு. அவள் பார்த்ததெல்லாம் ரைலானுக்கு ஒரு இலவச சீட்டும், பார்க் வாசலில் நாள் முழுக்க நிற்கும் ஒரு பஸ்ஸும்தான்.

ரைலான் அவளுடைய ஒரே மகன். அவனுக்கு ரத்தத்தில் அரிவாள் நோய். நம் ரத்தத்தில் இருக்கிற சிவப்பணு உருண்டையாக வழுக்கிக்கொண்டு ஓடும். அவனுடையது சில நேரம் அரிவாள் மாதிரி வளைந்து, சின்னக் குழாய்களில் சிக்கி அடைத்துக்கொள்ளும். அடைத்த இடத்தில் வரும் வலியைப் பற்றி அவனிடம் கேட்டால், “கதவு இடுக்குல விரல் மாட்டுன மாதிரி, ஆனா கதவ யாரும் தொறக்க மாட்டாங்க” என்பான். வெயிலில் அதிகம் நிற்கக் கூடாது, நாக்கு வறளக் கூடாது, குளிர்ந்த தண்ணீரில் நனையக் கூடாது. மற்றபடி பார்க்க ஒன்றும் தெரியாது. கை இருக்கிறது, கால் இருக்கிறது, வாய் நிறையவே இருக்கிறது. கண் மட்டும் கொஞ்சம் மஞ்சள். பள்ளியில் ஒருவன் அவனை ‘மஞ்சக் கண்ணு பூனை’ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான். ஒருநாள் அந்தப் பையன் தன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபோது உள்ளே ஒரு தேரை உட்கார்ந்திருந்தது. அது எப்படி வந்தது என்று இன்றுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

பஸ் இருந்தால் அதில் போர்வை இருக்கும், வெந்நீர் இருக்கும், படுக்கப் பின் சீட் இருக்கும். எந்த ஆஸ்பத்திரிக்கு விரட்ட வேண்டும் என்று டிரைவர் ஜெர்சீனோவுக்குத் தெரியும். வேறு எப்படிப் போனாலும் இதெல்லாம் கிடையாது. அதனால்தான் சித்தி ஊரையே பார்க்குக்குக் கூட்டிப் போனாள்.

பார்க்கில் ஒவ்வொரு ராட்டினத்துக்கும் பக்கவாசல் என்று ஒன்று உண்டு. வெளியே தெரியாத நோய் உள்ளவர்கள் சூரியகாந்திப் பூ அச்சடித்த பச்சை நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொள்வார்கள். அதைப் பார்த்தால் வரிசையில் நிற்க வைக்காமல், கூட ஒரு ஆளோடு உள்ளே விடுவார்கள். ரைலான் வருடா வருடம் அந்த நாடாவோடு போய்க் குதிரை ராட்டினமும் குட்டி ரயிலும் ஏறுவான். வரிசையில் நிற்கிறவர்கள் முணுமுணுப்பார்கள். ஒரு அம்மாள் நேராகவே கேட்டாள், நல்லாத்தானே இருக்கான், இவனுக்கு என்ன வந்தது என்று. சித்தி நின்று நிதானமாகச் சொன்னாள்: “ரத்தத்துல நோய்மா. கொஞ்சம் வெளிய எடுத்துக் காட்டணுமா?”

அவன் உயிரை வைத்திருந்தது குதிரை ராட்டினத்தில் அல்ல, ‘பருந்து’ என்ற ரோலர் கோஸ்டரில். அதன் வாசலில் மரத்தில் செய்த கோமாளி ஒன்று கையை நீட்டிக்கொண்டு நிற்கும். அந்தக் கைக்குத் தலை முட்டினால்தான் ஏறலாம். இந்த நோய்க்காரப் பிள்ளைகள் மெதுவாகத்தான் வளருவார்கள். தன் வயதுப் பையன்கள் எல்லாம் ஏறி இறங்கி அலுத்துப்போன பிறகும் ரைலான் கோமாளியின் அக்குளுக்குக் கீழேயே நின்றான். பதினோரு வயதில், வீட்டுச் சுவரில் கோமாளியின் கை உயரத்துக்குப் போட்ட கோட்டை அவன் தலை தொட்டது. டாக்டரைக் கேட்டோம். நனைகிற ராட்டினம் இல்லை என்றால் சரி, வெயிலில் மட்டும் நிற்க விடாதீர்கள் என்றார். அன்றிலிருந்து குழந்தைகள் தினம் வரை வீட்டில் வேறு பேச்சே இல்லை.

அந்த வருடம் பார்த்துத்தான் எதிர்த்தெருவிலும் ஒரு ஆள் பார்க்குக்கு பஸ் விட்டான். குளிர்சாதன பஸ், போதாததற்குக் குலுக்கல் பரிசு. சித்தியின் பஸ்ஸில் பாதி சீட்டு காலி. பாதி காலியான பஸ்ஸை முதலாளி தரமாட்டார். பஸ் இல்லையென்றால் ரைலானுக்கு பார்க் இல்லை. சித்தி அன்று முழுக்க விற்காத சீட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தாள். மறுநாள் ஆற்றுக்கு அக்கரையில் சந்தைக்குப் போய் ஒரு பை நிறைய சூரியகாந்தி நாடா வாங்கிக்கொண்டு வந்தாள். சந்தையில் அது கைபேசி உறை, ரப்பர் செருப்புக்குப் பக்கத்தில் தொங்கும். யார் வேண்டுமானாலும் வாங்கலாம்.

புது விளம்பரத்தில், சீட்டு வாங்குகிற ஒவ்வொருவருக்கும் ஒரு நாடா, வரிசையே கிடையாது என்று இருந்தது. இரண்டு நாளில் பஸ் நிரம்பியது. எதிர்த்தெரு ஆளிடம் சீட்டு வாங்கியிருந்த பக்கத்து வீட்டுக் கிறிஸ்பினா அக்காவே அதை அங்கே திருப்பிக் கொடுத்துவிட்டு இங்கே வந்தாள். ஊரில் யாருக்கும் இது தப்பாகத் தோன்றவில்லை. வரிசை என்பது வழி தெரியாதவர்களுக்கு என்று நினைக்கிற ஊர் இது. எனக்கும் தோன்றவில்லை. சித்தியின் மூளையை நினைத்துச் சிரித்தேன்.

கிளம்பிய காலை பஸ் நிறைய வறுத்த கோழி வாசனை. மடியில் டப்பா டப்பாவாகக் கோழியும், வெண்ணெயில் புரட்டிய மரவள்ளி மாவும். பின்னால் இருந்தவர்கள் மேளம் தட்ட ஆரம்பித்திருந்தார்கள். எல்லார் கழுத்திலும் சூரியகாந்தி. ரைலான் சீட்டின் மேல் முட்டி போட்டுத் திரும்பி எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தான்.

“இவங்களுக்கெல்லாம் எங்கம்மா வலிக்குதாம்?”

சித்தி அவனை இழுத்து உட்கார வைத்து, தண்ணீர் குடிக்கச் சொன்னாள்.

பருந்தின் பக்கவாசலில் இருந்த பையன் முதல் நாலைந்து சூரியகாந்திகளைச் சிரித்தபடியே உள்ளே விட்டான். பிறகு நிமிர்ந்து பார்த்தான். மேளத்தோடும் கோழியோடும் ஒரு தோட்டமே வந்துகொண்டிருந்தது. கிறிஸ்பினா அக்கா, கேட்பதற்கு முன்பே ஒரு காலைத் தாங்கித் தாங்கி நடந்தாள். அவளுக்குப் பின்னால் வந்தவன் எதற்கும் இருக்கட்டும் என்று அதே காலைத் தாங்கினான். பையன் வாக்கிடாக்கியில் மேற்பார்வைக்காரியைக் கூப்பிட்டான்.

அவள் வந்து எங்களைப் பார்த்தாள். கத்தவில்லை. இந்த பஸ்ஸில் வந்த யாருக்கும் இன்று பக்கவாசல் கிடையாது, பொது வரிசைக்குப் போங்கள் என்றாள். சித்தி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போய் ஆஸ்பத்திரிச் சான்றிதழை நீட்டினாள். மேற்பார்வைக்காரி அதைப் படித்தாள். ரைலானைப் பார்த்தாள். அவன் கோமாளியின் கைக்குத் தன் தலை எட்டுகிறதா என்று தூரத்திலிருந்தே கையால் அளந்துகொண்டிருந்தான்.

“இதையும் சந்தையிலதான் வாங்குனீங்களா?”

சித்தி திரும்பி எங்களைப் பார்த்தாள். பக்கத்து வீட்டுக்காரர்கள், கூட வேலை செய்கிறவர்கள், அடுத்த பயணத்துக்கு அவளிடம் சீட்டு வாங்க வேண்டியவர்கள். பிறகு முன்னால் திரும்பிச் சொன்னாள்: “இவங்க எல்லாருது பொய்ம்மா. நாந்தான் வாங்கிக் குடுத்தேன். என் புள்ளைது மட்டுந்தான் நிஜம்.”

மேளம் நின்றுவிட்டது. கிறிஸ்பினா அக்கா காலைத் தாங்குவதை மறந்து நேராக நின்றாள். “சீட்டு விக்கும்போது நாங்க நோயாளி. இப்ப நாங்க திருடங்களா, மரினால்வா?”

மேற்பார்வைக்காரி சான்றிதழைத் திருப்பிக் கொடுத்தாள். பொய் என்று நீங்களே சொன்ன பிறகு எதை நம்புவது என்று கேட்டாள். அவளைக் குறை சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் மேளக்காரனிலிருந்து ஆரம்பித்து எல்லாரையும் வெளியே தள்ளியிருப்பேன்.

சித்தி ரைலானின் கையைப் பிடித்து, ராட்டினம் போகலாம், பருந்து அடுத்த வருடம் என்றாள்.

“போன வருஷமும் அடுத்த வருஷம்னுதான் சொன்ன” என்றான். அழவில்லை. அழுதிருந்தால் தூக்கிக்கொண்டு போயிருப்பாள். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். சித்தி பொது வரிசையில் போய் நின்றாள்.

வரிசை வெயிலில் மடிந்து மடிந்து போனது. சித்தி குடையைப் பிடித்தாள். தண்ணீர் கொடுத்துக்கொண்டே இருந்தாள். என் தொப்பியை அவன் தலையில் வைத்தேன். முதலில் அவன் பேசிக்கொண்டே இருந்தான், பருந்து எங்கே திரும்பும், எங்கே கவிழும் என்று. பிறகு பேச்சு குறைந்தது. பிறகு சிமெண்டுத் தரையில் உட்கார்ந்தான். பின்னால் நின்ற ஆள், இந்த வயதில் நிற்கக்கூட வலிக்கிறதா, எல்லாம் கைபேசி பார்த்து வளர்கிற பிள்ளைகள் என்று தன் மனைவியிடம் எங்களுக்குக் கேட்கும்படி சொன்னார். ரைலான் எழுந்து நின்றான். நிற்கும்போது இடது இடுப்பைக் கையால் அழுத்திக்கொண்டான்.

“வலிக்குதாடா?” என்றாள் சித்தி.

“இல்லம்மா. பேன்ட் இறங்குது.”

கோமாளியின் கை வந்தது. ரைலான் அதன் கீழே போய் நின்றான். இடுப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்ததால் தலை எட்டவில்லை. வாசல் பையன் தலையை ஆட்டினான். ரைலான் பல்லைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்தான். அவன் எப்படி நிமிர்ந்தான் என்பதைச் சித்தி பார்த்தாள். அவன் உதடு வெளுத்ததையும் பார்த்தாள். அவளுக்கு அந்த முகம் தெரியாதா, அவன் தவழ்ந்த நாளிலிருந்து பார்க்கிற முகம். தலை கோமாளியின் கையில் முட்டியது. பையன் சரி என்றான்.

அவள் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தாள்கூட. பிறகு மூடிக்கொண்டு, அவனுக்கு முன்னால் ஏறி, அவன் உட்கார இடம் விட்டாள்.

பருந்து போய்த் திரும்பி வர அதிக நேரம் ஆகாது. கம்பி திறந்ததும் எல்லாரும் சிரித்துக்கொண்டு குதித்தார்கள். ரைலான் எழுந்திருக்கவில்லை. சித்தி அவனைத் தூக்கினாள். அப்போதுதான் அவன் கத்தினான். அதற்கு முன்பும் பின்பும் அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை. பருந்தில் கத்துகிறவர்கள் அதிகம் என்பதால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஜெர்சீனோ பஸ்ஸை ஆஸ்பத்திரிக்கு விட்டார். கண்ணில் பட்ட ஆட்களை மட்டும் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். பாதிப் பேர் பார்க்கிலேயே நின்றுபோனார்கள். வந்தவர்களில் சிலர் வழியெல்லாம் தங்கள் நாள் வீணானதைப் பற்றித்தான் பேசினார்கள். ஆஸ்பத்திரி முன்வாசலில் இருந்தவர் விழுந்தானா, அடிபட்டதா என்று கேட்டார். இல்லை என்றதும், அப்படியென்றால் உட்காருங்கள், கூப்பிடுவோம் என்றார். சித்தி சான்றிதழை எடுத்தாள். மறுபடி மடித்துக் கையிலேயே வைத்துக்கொண்டாள். அதை நீட்ட அவளுக்குப் பயமாக இருந்தது என்று நினைக்கிறேன். கழுத்தில் சூரியகாந்தியோடு கிறிஸ்பினா அக்கா அவளைத் தள்ளிவிட்டு மேசைமேல் சாய்ந்தாள்.

“அடிபடாம வலிக்கிற நோய்யா அது. நான் நடிச்சேன், இந்தா நிக்கிற எல்லாரும் நடிச்சோம். இவன் நடிக்கல. ஊசியப் போடு.”

போட்டார்கள். ஆனால் ரத்தம் போகாமல் இடுப்பு மூட்டில் தொடை எலும்பின் தலை செத்துவிட்டது என்று பிறகு படம் எடுத்துச் சொன்னார்கள். டாக்டர் நல்லவர். இது ஒரு நாளில் வந்ததில்லை அம்மா, உள்ளே கொஞ்ச காலமாகவே அரித்துக்கொண்டிருந்திருக்கிறது என்றார். சித்தி தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். ஒரு வார்த்தைகூட நம்பவில்லை. அதன் பிறகு அவள் பஸ் பிடிக்கவில்லை. மின்கம்பங்களில் எதிர்த்தெரு ஆளின் விளம்பரம் மட்டும் இருந்தது. பள்ளியில் சோறு ஆக்குவாள், வீட்டுக்கு வருவாள், அவனுக்குக் கால் பிடித்துவிடுவாள். நான் எத்தனை கோமாளித்தனம் செய்தும் அடிக்கக்கூடக் கை ஓங்கவில்லை.

அடுத்த குழந்தைகள் தினத்துக்கு ரைலான்தான் பார்க் போகணும் என்று பிடிவாதம் பிடித்தான். சாதாரண பஸ்ஸில் மூன்று பேரும் போனோம். அவன் இரண்டு கக்கத்திலும் ஊன்றுகோல். எங்களைப் பார்த்ததுமே வரிசை தானாக விலகியது. ஒருவர் குழந்தைக்கு வழி விடுங்கள் என்று அதட்டினார். ஒரு பெண் அவன் தலையைத் தடவினாள். எதையும் யாரும் கேட்கவில்லை. பருந்தின் வாசலில் மட்டும் பையன் சங்கடமாக நெளிந்தான். நடுவில் வண்டி நின்றால் படியில் இறங்கி வர முடிந்தவர்கள்தான் ஏறலாம், ஊன்றுகோலோடு விடக் கூடாது, விதி அப்படி என்றான். மன்னிப்பும் கேட்டான்.

எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தோம். பருந்து தலைக்கு மேலே போய்ப் போய் வந்தது. சித்தி தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவனிடம் நீட்டினாள். கடைசியில் ரைலான்தான் பேசினான்.

“நான்தான் ஒரு தடவ ஏறிட்டேன்லம்மா. அந்த உச்சிக்குப் போனப்ப கடல் தெரிஞ்சுது. கப்பல்கூட ஒண்ணு நின்னுச்சு.”

முந்தின வருடம் பருந்தில் சித்தி தண்டவாளத்தையும் பார்க்கவில்லை, வானத்தையும் பார்க்கவில்லை. அவன் முகத்தை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கிளம்பியதிலிருந்து நிற்கும்வரை அவன் கண்ணைத் திறக்கவே இல்லை என்று ஆஸ்பத்திரி நடைபாதையில் வைத்து அவளே என்னிடம் சொன்னாள்.

“ஆமாடா” என்றாள் சித்தி. “பெரிய கப்பல். நானும் பாத்தேன்.”