கச்சானுக்குக் கொடுத்த விமானம்

மீன் பெட்டியில் வெட்டிய, பஞ்சு போலப் பாரமில்லாத வெள்ளை ரெஜிபோம்தான் எங்கள் விமானம். எத்தனை தரம் கழுவியும் அதில் சூரை மீன் வாடை போகவில்லை. என் உடன்பிறந்த ராத்தாவின் கணவர், என் மச்சான், போனில் வீடியோ பார்த்துப் பார்த்து மூன்று மாதம் மினக்கெட்டுச் செய்தது அது. மோட்டாரும் ரிமோட்டும் பார்சலில் வந்தன. நான் கட்டாரில் இருந்து திரும்பிய வருடம் மனைவி மவுத்தாகிவிட்டாள். பிள்ளைகள் வெளிநாட்டில். அசர் தொழுத பிறகு மஃரிபு வரைக்கும் என்ன செய்வதென்று தெரியாமல் கல்முனை வீட்டில் கிடந்த என்னை, "வாங்க மச்சான், விட்டுப் பாப்பம்" என்று இழுத்துக்கொண்டு போனவர் அவர்தான்.

வேளாண்மை வெட்டி வெறுமையாய்க் கிடந்த வட்டை வயலுக்குள் ஐம்பது தாண்டிய இரண்டு பேர் விமானம் பழகினோம். ஊர் சிரித்தது; சிரிக்கட்டும். அவர் எறிவார், நான் ரிமோட்டைப் பிடிப்பேன். விமானம் எங்களை விட்டுப் போகும்போது தொல்லை இல்லை. முகம் பார்த்துத் திரும்பி வரும்போதுதான் இடம் வலமாகி, வலம் இடமாகி, மூக்கால் குத்தும். "எந்தச் செட்டை தாழுதோ, அந்தப் பக்கம் குச்சியத் தள்ளுங்க" என்று என் தோளுக்குப் பின்னால் நின்று சொல்லுவார். அவர் சொன்னால் மட்டும் என் விரல் கேட்கும்.

சிறுபோகத்துக்குத் தண்ணீர் திறந்ததும் வட்டை சேறாகிவிட்டது. அடுத்த வெட்டு வரைக்கும் பொறுப்போம் என்று விமானத்தை என் வீட்டில் வைத்தார். அவர் வீட்டில் பேரப்பிள்ளைகளின் கைக்குத் தப்பாது. "கச்சான் காத்து வீசக்குள்ள கடக்கரையில மட்டும் விட்டிராதீங்க. கடலுக்குக் குடுத்த மாதிரித்தான்" என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. தனியாகவும் விடுவேன் என்ற எண்ணம் வேறு. ஒரு பின்னேரம் கடற்கரைக்குப் போனேன். கரைப்பக்கம் முழுக்கத் தென்னை என்பதால் கடலைப் பார்த்து எறிந்தேன். முதுகில் அடித்த கச்சான் அதை ஒரே மூச்சில் தூக்கிக்கொண்டு போனது. திருப்பினேன். காற்றை எதிர்த்து முன்னேறாமல் அங்கேயே ஆடியது. எந்தச் செட்டை தாழ்கிறது என்று தெரியாத தூரம். குச்சியை மாற்றித் தள்ளிவிட்டேன்; மூக்கால் கடலில் குத்தி அலையோடு போய்விட்டது. கரைவலை இழுத்தவர்கள் ஹோவென்று கத்தினார்கள்.

மச்சானிடம் சொல்ல வாய் வரவில்லை. செட்டை உடைந்துவிட்டது, ஒட்டுகிறேன் என்றேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு பின்னேரமும் நான் அவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்ததும், "பசை காஞ்சிட்டா மச்சான்?" என்று கேட்பார். "இன்னும் இல்ல" என்பேன். "ஓம், ஓம், அவசரமில்ல. நாளைக்கு வாங்களே" என்று தேத்தண்ணி தருவார். அடுத்த வெட்டுக்கு முந்தியே, ஒரு சுபஹ் தொழுகை நேரத்தில், நெஞ்சுவலியில் மவுத்தாகிவிட்டார்.

அவருக்கு ஓதிய நாற்பதாம் நாள் கத்தம் முடிந்து எல்லோரும் போனபின் ராத்தாவிடம் உண்மையைச் சொன்னேன்.

"கரைவலைக்காரர் அண்டைக்கே வந்து சொல்லிட்டாங்கடா. நான் ஏசினன். அவருதான், 'அந்தக் கதைய எடுக்காத. வெக்கத்துல மச்சான் இங்க வாறத்த விட்டிருவாரு. பாவம், தனிய இருக்காரு' எண்டாரு."

எனக்கு அழுகை வந்தது. அவள் முன்னால் அழவும் வெட்கமாக இருந்தது. அவர் எதற்குப் பயந்தாரோ அதுதான் கடைசியில் நடந்தது. அன்றோடு நான் அந்த வீட்டுக்குப் போவதை விட்டுவிட்டேன். ராத்தா போனில் கோல் எடுத்துக் கேட்கும்போதெல்லாம், "நாளைக்கு வாறன்" என்கிறேன்.